கிளட்ச் பெடலில் ஒரு மரக்கட்டை

அவரை எல்லாரும் எலும்பு மெக்கானிக் என்றுதான் சொல்வார்கள். ஆள் ஒல்லி என்பதால் வந்த பட்டம் என்று புதிதாகக் கேட்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒல்லிதான், ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி இருப்பார், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டம் வந்தது தொழிலால். பழைய ஜீப் எது வந்தாலும் பாடியைக் கழற்றி, இன்ஜினை இறக்கி, சக்கரங்களை உருட்டி ஓரமாக வைத்து, கடைசியில் சேஸிஸ் என்கிற அடி இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சும்வரை அவருக்குக் கை ஓயாது. "ஹாரன் அடிக்கலைன்னு கொண்டு போனேன், வண்டியவே உரிச்சுப் போட்டுட்டாரு" என்று புலம்பியவர்கள் உண்டு. அப்படிப் புலம்பியவர்களே அடுத்த வண்டியையும் அவரிடம்தான் கொண்டுவந்தார்கள்.

ஷெட்டில் அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. முந்தின ஆள் செய்த ஒட்டுவேலை எதுவும் திரும்ப வண்டியில் ஏறக்கூடாது. கம்பியால் கட்டியது, தகரம் வைத்து அடைத்தது, போல்ட்டுக்குப் பதில் ஆணி செருகியது எல்லாம் கழற்றிய அன்றைக்கே பழைய இரும்புக்காரரின் கூடைக்குப் போய்விடும். ஷெட்டில் கிடந்தால் அவசரத்துக்குக் கை அதைத் தேடும் என்பார். வண்டி கம்பெனியிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருக்கவேண்டும். நடுவில் யார் கையில் இருந்தது என்பதே தெரியக்கூடாது. இதில் அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல, நல்ல கர்வம். அந்தக் கர்வத்தில்தான் அடி விழுந்தது.

மழை விட்ட ஒரு மத்தியானம், லாரியில் ஏற்றிய ஜீப்போடு ஒரு டீச்சர் வந்து இறங்கினார். தலை பாதி நரைத்தவர், பேச்சில் வகுப்பறைக் கண்டிப்பு போகாதவர். வண்டி அவருடைய அண்ணனுடையது. அந்த அண்ணன் வருடக்கணக்குக்கு முன்னால் ஒரு காலையில் வண்டியை வீட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று நடந்து போனவர். அவ்வளவுதான். ஆற்றில் தேடினார்கள், ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். உடலும் இல்லை, சேதியும் இல்லை. செத்தான் என்று சொல்ல அம்மா யாரையும் விட்டதில்லை. அழுததும் இல்லை. வாசலுக்கு வெளியே எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

"இப்ப அதுவும் இல்ல மெக்கானிக் சார்" என்றார் டீச்சர். "சுவத்தப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டாங்க. கண்பார்வை எப்பவோ மங்கிப் போச்சு. இப்ப சாப்பாடும் இறங்கல. அண்ணன் வண்டிச் சத்தம் ஒரு தடவை காதுல விழுந்தா எழுந்து உக்காருவாங்கன்னு எனக்கு ஒரு நப்பாசை."

"ஓட வச்சுடலாம் டீச்சர். புது வண்டி தோத்துப் போகும், பாருங்க" என்றார் மெக்கானிக். டீச்சர் கேட்டது சத்தத்தை. இவர் காதில் விழுந்தது ஓட்டம். இன்ஜின் ஓடினால் சத்தம் தானாக வந்துவிட்டுப் போகிறது என்று நினைத்தார்.

ஷெட்டின் மூலையில் தையல் மெஷின் போட்டு சீட் தைப்பது அவருடைய மனைவி. வாய் கொஞ்சம் நீளம், மனசு பயந்த மனசு. லாரியிலிருந்து இறங்கிய ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காணாமப் போன ஆளோட வண்டியா? நல்ல வேலைய இழுத்து மடியில போட்டுக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிரிக்கப் பிரிக்க அந்த ஆள் வெளியே வந்துகொண்டே இருந்தார். கிளட்ச் பெடலில் தேய்ந்து வழுவழுத்த ஒரு மரக்கட்டை, தோல் வாரால் இறுக்கிக் கட்டியிருந்தது. இடது கால் குட்டை என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது. சைலன்சரைத் தாங்கும் கொக்கி எப்போதோ உடைந்து, அதற்குப் பதில் கம்பி முறுக்கிக் கட்டியிருந்தது. முறுக்கு எதிர்ப்பக்கமாக ஓடியது. ஆள் இடதுகைக்காரர். டிரைவர் சீட் இடது பக்கம் குழிந்திருந்தது. உள்ளே தேங்காய் நாரைப் பிய்த்துப் போடும்போது மெக்கானிக்கின் மனைவி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"சூடா இருக்குங்க" என்றாள்.

"வெயில்ல கிடந்தது சூடா இல்லாம குளிரவா செய்யும்?"

"வெயில் எங்கேருந்து வந்துச்சு? ரெண்டு நாளா மழை."

கட்டையும் கம்பியும் நாரும் வழக்கப்படி அன்றைக்கே கூடைக்குப் போயின.

சேஸிஸில் துருவைச் சுரண்டி, மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்தார்கள். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை அவள் பிடித்தாள். ஒரு விரற்கடை கோணல். சூடு காட்டி, ஜாக்கி கொடுத்து, பொறுமையாக நிமிர்த்தினார். விரிசல் கண்ட இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்தார். அதன்மேல் ஒவ்வொன்றாக ஏற்றினார்: புது ஸ்பிரிங், புது புஷ், கழுவிக் கடைந்த இன்ஜின், தட்டி எடுத்த பாடி, பச்சைப் பெயிண்ட். குனிந்து வேலை செய்யும்போது பின்னால் யாரோ நின்று பார்ப்பது போல இருக்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். வேலை தெரிந்தவன் நின்றால்தான் அந்த உறுத்தல் வரும், சும்மா வேடிக்கை பார்ப்பவன் நின்றால் வராது. இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஷெட்டையே மாற்றச் சொல்வாள்.

வண்டி தயாரானதும் டீச்சரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டிப்போனார். டீச்சர் வீட்டுக்கு ஒரு சரிவில் இறங்கி, ஒரு வளைவு திரும்பி, கேட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து நுழையவேண்டும். எண்ணெயில் வழுக்குவது போல வண்டி போய் நின்றது. டீச்சர் உள்ளே ஓடினார். ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"அம்மா, வண்டிச் சத்தம் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு. யாரோ விருந்தாளி போல, உக்காரச் சொல்லு" என்றார் அம்மா. கட்டிலில் புரண்டுகூடப் படுக்கவில்லை.

டீச்சர் வெளியே வந்து வண்டியின் பச்சை மினுமினுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. "குறை சொல்ல ஒண்ணுமில்ல. ரொம்ப நல்லாச் செஞ்சிட்டீங்க. அவ்வளவு நல்லாச் செஞ்சிருக்கவேண்டாம்" என்றார்.

மெக்கானிக்குக் கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது. ஆனால் கோபம் வரவில்லை. தான் எதைக் கழற்றிக் கூடையில் போட்டோம் என்பது அந்த வாசலில் வைத்துத்தான் அவருக்கு உறைத்தது. அந்த அம்மாவின் மகன் அந்தக் கட்டையிலும் கம்பியிலும்தான் மிச்சமிருந்தார். இவர் அவரைத் துடைத்து, பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்.

"எப்படி இருக்கும் அந்தச் சத்தம்? யோசிச்சுச் சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "சரிவுல இறங்கறப்ப ரெண்டு மூணு தடவை இருமும். வளைவுல அடியில ஏதோ தகரம் கடகடன்னு அடிக்கும். வாசல் கேட்டுக்குப் பக்கத்துல வந்ததும் பல்லக் கடிக்கிற மாதிரி ஒரு கறகறப்பு. அம்மா அங்கதான் எந்திரிச்சுச் சாப்பாடு எடுத்து வைக்கப் போவாங்க."

வண்டி திரும்பவும் ஷெட்டுக்கு வந்தது. மெக்கானிக் பழைய இரும்புக்காரரிடம் ஓடினார். கம்பி எப்போதோ உருக்கப் போயிருந்தது; கட்டையும் நாரும் அடுப்புக்குப் போயிருந்தன. நல்லதைச் செய்யத் தெரிந்த கை இப்போது கெட்டதைச் செய்யப் பழகவேண்டியிருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகும்படி திருகி வைத்தார்; இறக்கத்தில் இருமியது. நல்ல கொக்கியை அறுத்துவிட்டு சைலன்சரைக் கம்பியால் கட்டினார். வலதுகையால் முறுக்கியபோது கம்பி கெட்டியாக நின்றுவிட்டது, சத்தம் வரவில்லை. இடதுகையால் முறுக்கிப் பார்த்தார். கடகடத்தது. கறகறப்புதான் பிடிபடாமல் போக்குக் காட்டியது. மரக்கட்டை செதுக்கி வைத்தும், அவருடைய நீளக் கால் கிளட்சை அடிவரை மிதித்துவிடும்; கியர் சத்தமில்லாமல் விழும். இடுப்பைச் சாய்த்து, காலைக் குறுக்கி, பாதி மிதியில் கியரைத் தள்ளப் பழகினார். அதற்குச் சீட் ஒத்துழைக்கவேண்டும்.

"இடது பக்கம் குழி விழணும். நீதானே பிரிச்சே, எவ்வளவுன்னு உனக்குத்தான் தெரியும்" என்று மனைவியிடம் கேட்டார்.

அவள் நாரைக் குறைத்துத் தைத்துக் கொடுத்தாள். தைத்தவள் அதில் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை.

நாள் போகப் போக வண்டி சரியாகிக்கொண்டு வந்தது. அவர்தான் மாறிக்கொண்டு போனார். ஸ்பானருக்கு இடதுகை நீண்டது. டம்ளரையும் இடதுகையால் எடுத்தார். ஒரு மாலை ஷெட்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தவரை வாசலில் பார்த்துவிட்டு அவர் மனைவி, "யாருங்க அது? என்ன வேணும்?" என்று கேட்டாள். கேட்டபிறகுதான் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் காலை இழுத்து இழுத்து நடக்கறீங்க?"

"இழுக்கறேனா?" என்றார் அவர். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

கறகறப்பு கைக்கு வந்த அன்று டீச்சர் ஷெட்டுக்கு வந்தார். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். டீச்சருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாழ்ந்த குரலில், "அம்மா தண்ணியும் வேண்டாங்கறாங்க. நாளைக்குக் கொண்டு வாங்க. வந்துட்டியாடான்னு கேட்டாங்கன்னா, ஒரே ஒரு 'ம்' மட்டும் சொல்லிடுங்க. பெத்தவ ஒரு வாய் சாப்பிடட்டும்" என்றார்.

அவர் தலையை ஆட்டிவிட்டார். டீச்சர் போனபிறகு மனைவி பிடித்துக்கொண்டாள். எப்போதும் திட்டுபவள் அன்று கெஞ்சினாள். "அந்த 'ம்' மட்டும் சொல்லாதீங்க. சொல்லிட்டீங்கன்னா அப்புறம் நீங்க வீட்டுக்கு வரமாட்டீங்க. அவன்தான் வருவான். எனக்கு பயமா இருக்குங்க."

"ஒரு உசுரு பட்டினி கிடக்குது" என்றார்.

"என் உசுரு?"

அவருக்கும் பயம்தான். பாதி மிதியில் கிளட்சை அழுத்தும்போதெல்லாம் அது தன்னுடைய கால் இல்லை என்று தோன்றியது.

மறுநாள் சரிவில் வண்டி இருமியது. வளைவில் கடகடத்தது. கேட்டுக்கு முன்னால் பல்லைக் கடித்தது. உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டு விழும் சத்தம் கேட்டது. பிறகு சுவரைத் தடவிக்கொண்டு, அவிழ்ந்த நரைமுடியோடு அந்த அம்மா தானே எழுந்து வாசலுக்கு வந்தார். பிடிக்கப் போன டீச்சரின் கையைத் தட்டிவிட்டார்.

மெக்கானிக் இன்ஜினை அணைக்க மறந்து கீழே இறங்கினார். காலைச் சரியாகத்தான் வைக்க நினைத்தார். ஆனால் பாதம் தயங்கி, இழுத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்துதான் தரையைத் தொட்டது. அந்த நடை காதில் விழுந்ததும் அம்மாவின் முகம் மலர்ந்ததே, அதை மெக்கானிக் சாகும்வரை மறக்கமாட்டார்.

"வந்துட்டியாடா?"

டீச்சர் கையைக் கூப்பிக்கொண்டு அவரையே பார்த்தார். 'ம்' என்ற சத்தம் அவர் தொண்டைக்கு வந்துவிட்டது. வந்தது தன் குரலே இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார். இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டார்.

"அம்மா, நான் மெக்கானிக். வண்டிய நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டார். அம்மா தடவித் தடவி வந்து ஜீப்பின் மூக்கில் கை வைத்தார். கதவைத் தொட்டார், சீட்டைத் தொட்டார், இடது பக்கத்துக் குழியில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு ஒரு வண்டி வந்துச்சு தம்பி. அது யாரோட வண்டியோ. இது என் புள்ளையோட வண்டிதான். சத்தம் சரியா இருக்கு, ஒரு குறையும் இல்ல." மூச்சு வாங்கியது. "இந்தச் சத்தம் திரும்பக் கேட்டா கூடவே அவன் வந்துருவான்னு இத்தனை வருஷமா காத்துக் கிடந்தேன். வண்டி வந்துருச்சு. அவன் வரல."

மெக்கானிக் இன்ஜினை அணைக்கச் சாவிக்குக் கை நீட்டினார்.

"அணைக்காதீங்க தம்பி. கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றார் அம்மா. அப்படியே ஜீப்பின் படியில் உட்கார்ந்து, முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு அதை எடுத்துவிட்டு மகளைப் பார்த்துச் சொன்னார்.

"நீ போய் எல்லாருக்கும் துக்கம் சொல்லி விடு."