இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார்

வேகமான கார் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த என்னிடம் துணியைப் பற்றிக் கேட்டவர்களைவிடக் காரைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். நானும் வாய் ஓயாமல் சொல்வேன். பெரிய எஞ்சினைப் பார்த்து மயங்காதீர்கள். நம் மலைப்பாதையில் அந்தச் சக்தியைக் கொண்டுபோய்க் கொட்ட நேரான ரோடு எங்கே இருக்கிறது? உடம்பு இலேசாக இருக்க வேண்டும், இரண்டாம் கியரில் நன்றாக இழுக்க வேண்டும். முதலில் பிரேக்கைப் பாருங்கள், பிறகு ஸ்டியரிங்கை, எஞ்சினைக் கடைசியாக. பளபளவென்று வைத்திருப்பவனிடம் வாங்கவே வாங்காதீர்கள். அவன் ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகமாக இருக்கும்.

இவ்வளவும் சொல்வேனே தவிர, எத்தனை பேர் உட்காரலாம் என்று பார்க்கச் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

புதுக் கார்கள் நாட்டுக்குள் வராத காலம் அது. நல்ல கார் வேண்டுமென்றால் ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரத் துரைமாரைத்தான் பார்க்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுக்கத் தொடங்கியபோது, நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்துரை ஒருவர் தன் காரை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். பச்சை நிறம், தாழ்ந்த உடம்பு, மேலே கன்வஸ் கூரை. இரண்டே இருக்கை. எனக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். குடும்பமே போய்வந்த நாலு கதவுக் காரை விற்றுவிட்டு அதை வாங்கினேன்.

அதன்பிறகு அப்புத்தளையிலுள்ள மனைவியின் தாய்வீட்டுக்கு நாங்கள் போன அழகைக் கேளுங்கள். அவளும் பிள்ளைகளும் பஸ்ஸில், நான் காரில். முன்னால் போய் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்து அவர்களை வரவேற்பேன். கசங்கிய சேலையோடு, மடியில் வாந்தியெடுத்த பிள்ளையோடு அவள் இறங்கும்போது வெட்கமாகத்தான் இருக்கும். திரும்பும்போதும் அப்படியேதான் திரும்புவோம்.

ஒருநாள் முற்பகலில் பக்கத்து மருந்துக் கடைக்கு டெலிபோன் வந்தது. மாமா, அதாவது மனைவியின் வாப்பா, விடியற்காலையில் மௌத்தாகிவிட்டார். லைன் கிடைக்காததால் செய்தி இவ்வளவு பிந்தியது. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்றார்கள். நாங்கள் மையத்தை, இறந்தவரின் உடலை, வீட்டில் அதிக நேரம் வைத்துக்கொண்டிருப்பதில்லை. பெண்கள், அடக்கம் நடக்கும் மையவாடிக்குப் போவதுமில்லை. கபன் துணியால் முகத்தை மூடுமுன் வீட்டில் பார்த்தால்தான் உண்டு. பஸ்ஸில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பிள்ளைகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

அன்றைக்கென்று மழையும் இல்லை, மூடுபனியும் இல்லை. ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஹாலி-எல தாண்டியதும் காரை முழு வேகத்தில் விட்டேன். தெமோதரை வளைவுகளில் அது ஓடிய ஓட்டத்தை இன்றுவரை வேறெந்தக் காரிலும் நான் காணவில்லை. ஒரு கியர் பிசகவில்லை, ஒரு வளைவில் பிரேக் பிந்தவில்லை. பக்கத்தில் அவள் முக்காட்டை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். எஞ்சின் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை. பண்டாரவளை தாண்டியபோது அவள் பக்கத்தில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

மாமாவின் முகத்தை மூடுமுன் போய்ச் சேர்ந்துவிட்டோம். வாசலிலேயே நின்ற அவளுடைய அண்ணனிடம், இறங்கியதும் இறங்காததுமாக அவள் சொன்னாள்: "இவரு வழி முழுக்க ஓதிக்கிட்டே வந்தாரு நாநா. வாய் மூடல்ல."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லாட்டி தங்கச்சி வாப்பாட மொகத்தக் கண்டிருக்க மாட்டா, மச்சான்" என்றார்.

என் வாய் அசைந்தது உண்மைதான். "ரெண்டுக்கு வா, இப்ப விடு, அப்பிடித்தான் என் ராசா" என்று காரோடு பேசிக்கொண்டு வந்திருந்தேன். அதைப் பார்த்து நான் மாமாவுக்காக ஓதுவதாக நினைத்துவிட்டாளே என்று கூசிப்போனேன். மறுப்பதற்கு அது நேரமில்லை. பிறகு நேரம் வந்தபோது மனம் வரவில்லை. அந்தக் கதை சொந்தக்காரர்களிடையே பரவியது. அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் யாராவது அதை எடுப்பார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, எனக்கு அந்த வீட்டில் சோறு இறங்காது.

சில வருடங்கள் கழித்து, மூன்றாவது பிள்ளை பிறந்தபின் ஒருநாள், அவள் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறைக்குப் போனேன்.

"அந்தக் கார வித்துட்டு எல்லாரும் போற மாதிரி ஒண்ணு பாப்போம்."

"ஏன், நல்லாத்தானே ஓடுது?"

"அன்னைக்கு நான் ஓதல்ல" என்றேன். "காரோடதான் பேசிக்கிட்டு வந்தேன்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"பின்ன ஏன் நாநாகிட்ட அப்பிடிச் சொன்ன?"

"எறங்கும்போது உங்கட மொகத்துல சிரிப்பு இருந்திச்சி. நாநா வாசல்லயே நிக்கிறாரு. நான் என்னத்தையாவது சொல்லணுமே."

வாப்பாவின் மையத்து உள்ளே கிடக்க, அவரைப் பார்க்கப் போகுமுன் அவள் செய்த முதல் வேலை என் சிரிப்பை மறைத்ததுதான். அத்தனை வருடம் நான் அவளிடமிருந்து ஒன்றை ஒளித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவளோ எனக்காக அதை ஊராரிடமிருந்து ஒளித்துக்கொண்டிருந்தாள்.

"கார் மேல என்ன குத்தம்?" என்றாள். "அதாலதானே வாப்பாட மொகத்தப் பாத்தேன். வச்சிருங்க."

அடுத்த முறை அப்புத்தளைக்குப் போனபோது காரை வீட்டில் நிறுத்திவிட்டு அவர்களோடு பஸ்ஸில் ஏறினேன். சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெமோதரை வந்தது. முதல் வளைவில் பஸ் திரும்பியபோது என் இடது கால் கிளட்ச்சை மிதிப்பதுபோல் தன்பாட்டில் தரையை அழுத்தியது, உதடும் அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.