கேட்டில் மாட்டிய வளைகாப்பு

இரண்டு முறை ஐவிஎஃப் தோற்று, மூன்றாவது முறைக்குக் காத்திருந்தபோதுதான் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கோலாலம்பூர் மருத்துவமனையில் கரு உறைநிலையில் பத்திரமாக இருந்தது. கிள்ளான் வீட்டில் நான்தான் வெந்துகொண்டிருந்தேன். சிகிச்சைகள் மறுபடி தொடங்கியதும் கருவை வைத்தார்கள். தங்கிவிட்டது.

"தடுப்பூசி போட்டாலும் கூட்டம் வேண்டாம்" என்றார் டாக்டர். அம்மாவுக்கு அது போதும். செந்தூலில் இருந்தபடியே தொலைபேசியில் என் வீட்டை ஆண்டார். காய்கறியைக் கழுவினாயா, மாப்பிள்ளை வேலை முடிந்து வந்ததும் குளித்தாரா என்று ஓயாத விசாரணை. எனக்கு எரிச்சலாக வரும். கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் அவர் என்னைப் பார்க்க வரவில்லை. "நான் கொண்டாந்து குடுத்துட்டா?" என்பார். ஏழு மாத வயிற்றை வீடியோ காலில்தான் காட்டினேன்.

அப்படிப்பட்டவர் வளைகாப்பை மட்டும் விடமாட்டேன் என்றார். ஏற்பாடும் அவருடையதே. வெளிகேட் பூட்டியிருக்கும். நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, கம்பிகளுக்கு நடுவே கையை நீட்ட வேண்டும். உறவுகள் ஒவ்வொரு காராக வந்து, கையில் சானிடைசர் தடவிக்கொண்டு, வளையல் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

மாமியார், நாத்தனார், சித்திகள் என எல்லாரும் முகக்கவசத்தோடு வந்து கண்ணாடி வளையல்களை அடுக்கிவிட்டுப் போனார்கள். கடைசியாக அம்மா போட்டார். கையை உள்ளே இழுத்தேன். வரவில்லை. கம்பிக்குள் நுழைந்தது வெறுங்கை, திரும்ப வேண்டியதோ வளையல் கை. இதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

கணவர் அவசரமாகக் கேட்டைத் தள்ளித் திறந்தார். கேட்டோடு சேர்ந்து நானும் நகர்ந்தேன். "ஐயோ, மூடுங்க லா!" என்று கத்தினேன். மகள் வேறு வயிற்றுக்குள்ளிருந்து உதைத்தாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது.

"கழட்டிரலாம்மா."

"வளைகாப்பு வளையலையா? பிள்ள பொறக்குற வரைக்கும் கழட்டக் கூடாதுடி."

"அப்ப அதுவரைக்கும் நான் கேட்டுலயே இருக்கவா?"

அம்மா சற்று நேரம் வானத்தைப் பார்த்தார். "பெத்தவளே கழட்டுறேன், சாமி கோவிச்சுக்காது" என்று வெளியே சானிடைசர் வைத்திருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீங்கிய என் விரல்களில் தேங்காயெண்ணெய் தடவி, ஒன்றுகூட உடையாமல் ஒவ்வொன்றாக உருவினார்.

அன்றுவரை மாதக்கணக்கில் டாக்டரையும் கணவரையும் தவிர யாரும் என்னைத் தொட்டதில்லை. அம்மாவின் உள்ளங்கை சொரசொரவென்று, சூடாக இருந்தது. அதற்கு எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசி வளையலும் வந்துவிட்டது.

"கைய உள்ள எடு. மாப்பிள்ள உள்ளேருந்து திரும்பப் போட்டு விடட்டும்."

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா."

அம்மா சானிடைசரை மறுபடி இரண்டு கைகளிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டார். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.