இரண்டு தீவுகளிலும் சாம்பல் மைனா

டெனிஷ் மொழியில் "இல்லை" என்பதற்கு "நாய்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் எழுதுவது வேறு மாதிரித்தான். ஆனால் அவர்கள் வாயில் அது கொஞ்சம் குறுகின நாய், என் வாயில் முழு நாய். டென்மார்க்குக்கு வந்த புதிதில் மொழிப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்த டெனிஷ் அம்மா ஒவ்வொரு பாடம் முடியவும் "விளங்கியதா?" என்று கேட்பார். அவ்வளவு நல்ல மனுசியின் முகத்தைப் பார்த்து நாய் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "யா" என்றேன். யா என்றால் ஓம், ஆமாம். சொல்லவும் சுகம், யாருக்கும் நோகாது.

அன்றைக்குப் பிடித்த யா என்னை விடவேயில்லை. நாங்கள் இருக்கும் இக்காஸ்ட் ஊரில் உடுப்புத் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் நாள், துணி உருளைகளைத் தூக்கி அடுக்கும் வண்டியைக் காட்டி, ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்கள். யா. அரை மணித்தியாலத்தில் முழு அடுக்கும் சரிந்து நான் அதற்கு அடியில் கிடந்தேன். மேற்பார்வையாளர் குனிந்து, "ஒன்றும் ஆகவில்லையே, சுகமாக இருக்கிறாயா?" என்று கேட்டார். அதற்கும் யாதான்.

பறவை பார்க்கப் போனதும் இப்படித்தான். ஓய்வு பெற்ற முதல் மாதம் நான் வீட்டில் இருந்து, மனைவியின் சமையலறையில் டப்பாக்களை அளவு வாரியாக அடுக்கினேன். இரண்டாம் மாதம் அவள் என்னை வெளியே போகச் சொன்னாள். அவள் வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவள். வேலையில் முப்பது கிழவர்கள் போதும், வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டி, "உனக்குப் பறவைகளில் விருப்பமா?" என்று கேட்டார்.

அவர் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்ப் பறவைப் பார்வையாளர் குழுவுக்குத் தலைவியும் அவர்தான். இந்த நாட்டில் எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், "நீ" என்றுதான் பேச வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்த மனுசியைப் பெயர் சொல்ல எனக்கு இன்றுவரை வராது. மனதுக்குள் அவர் எனக்கு ரீச்சர். வெளியில் "ஹலோ" என்று சமாளித்துக்கொள்வேன்.

நான் புதிதாகப் பைனாக்குலர் வாங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து மனைவி, "குருட்டுக் கண்ணுக்குக் குறுணி மை" என்றாள். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் விசயம் அதுதான்.

குழுவின் நடைமுறை இது. ரீச்சர் முக்காலியில் ஏற்றிய தொலைநோக்கியில் ஒரு பறவையைப் பிடித்து வைப்பார். நாங்கள் மற்ற ஏழு பேரும் வரிசையில் நின்று ஆளுக்கொரு தரம் குனிந்து பார்ப்போம். "யா, அழகு" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வழி விடுவோம். பிறகு ஒவ்வொருவரும் தன் கொப்பியில் பெயரை எழுதுவோம். தன் கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் எழுதக் கூடாது என்பது ரீச்சரின் சட்டம். எழுதுவதை அவர் சரிபார்க்க மாட்டார். அவ்வளவு நம்பிக்கை.

என் முறை வரும்போது நான் குனிவேன். பால் தேத்தண்ணிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். அந்தப் பாலுக்குள் ஏதோ அசையும், அல்லது அசையாது. டென்மார்க்கின் காலநிலை அப்படி என்று நினைத்துக்கொள்வேன். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் மூக்கு ஒழுக ஒழுகக் காற்றில் நிற்பார்கள். தெரியவில்லை என்றால் ரீச்சர் மறுபடி தேட வேண்டும், அவர்கள் மறுபடி நிற்க வேண்டும். "யா, அழகு" என்று விலகிவிடுவேன். கும்பலோடு கோவிந்தா.

இப்படியே இரண்டு வருடத்தில் என் கொப்பியில் நூற்று நாற்பது பறவைகள் சேர்ந்துவிட்டன. அதில் உண்மையாக நான் கண்டது அன்னம், காகம், பிறகு ஒரு தாரா வாத்து. தாராவும் என் கையிலிருந்த பாண் துண்டைக் கொத்த வந்தபடியால்தான். மற்றதெல்லாம் பொய். எனக்கு வெட்கமாக இருந்தது. ரீச்சர் என் கொப்பியைக் காட்டி, புதிதாக வந்தவர் எவ்வளவு உழைத்திருக்கிறார் பாருங்கள் என்று மற்றவர்களுக்குச் சொன்ன நாளில் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரேயொரு பறவையை, ஒருவரும் காட்டாமல், என் கண்ணால் கண்டு எழுதிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

போன தை மாதம் குழு ஒரு வாரம் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவுக்குப் புறப்பட்டது. வடக்கே உறைந்து போகிற பறவைகள் பல மத்தியதரைக் கடல் தீவுகளுக்குத்தான் மாரிகாலம் கழிக்கப் போகின்றன. ஓய்வூதியக்காரர்களும் அப்படித்தான். வெயில் இருக்கும் என்றதால் மனைவியும் வருகிறேன் என்றாள்.

புறப்படுவதற்கு ஒரு கிழமை முந்தி, சுப்பர்மார்க்கெட் வாசலில் நின்ற ஒரு மனிதருக்கு நான் ஹலோ சொன்னேன். அவர் கோப்பித்தூள் விளம்பரத்துக்கு வைத்த மட்டை மனிதர். மனைவி உடனே கண் டாக்டரிடம் நேரம் குறித்தாள். அவளுக்கு அன்றைக்கு வேலை. நான் தனியாகப் போனேன்.

டாக்டர் என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தபடி, பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். பறவை பார்ப்பது என்றேன். மயோர்க்காவுக்குப் போகிறோம் என்றேன். நல்லது என்றார். மற்றக் கண்ணுக்கும் வெளிச்சம் அடித்தார். பிறகு கதிரையைப் பின்னால் தள்ளி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இரண்டு தீவுகளிலும் சாம்பல் ஸ்டேர் இருக்கிறது."

ஸ்டேர் எனக்குத் தெரியும். எங்கள் மைனாவின் ஒன்றுவிட்ட சகோதரம், உடம்பெல்லாம் புள்ளி போட்ட கறுப்பு. ஆனால் சாம்பல் நிறத்தில் ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டதேயில்லை. இரண்டு தீவு என்றால் மயோர்க்காவும் பக்கத்திலுள்ள மெனோர்க்காவும்.

"மெதுமெதுவாகத்தான் வரும்," என்றார் டாக்டர். "உன் வயதில் பலருக்கு வருவதுதான். பயப்படாதே. நீ திரும்பி வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். விளங்கியதா?"

யா என்றேன். என்ன அருமையான டாக்டர், பறவையைக் கண்டால் வந்து தனக்கும் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பறவைப் புத்தகத்தை முன் மட்டையிலிருந்து பின் மட்டை வரை புரட்டினேன். சாம்பல் ஸ்டேர் இல்லை. சந்தோசத்தில் எனக்குப் புளுகம் தாங்கவில்லை. புத்தகத்திலேயே இல்லாத பறவை! வேலையால் வந்த மனைவி, "கண்ணுக்கு என்னவாம்?" என்று கேட்டாள். "ஒண்டுமில்லையாம்" என்றேன். மைனாவைப் பற்றி மூச்சு விடவில்லை. இவளுக்குச் சொன்னால் வெள்ளிக்கிழமை கோயிலில் தீபம் காட்டுவதற்குள் இக்காஸ்ட் முழுக்கத் தெரிந்துவிடும்.

தீவில் முதல் மூன்று நாளும் வழக்கம் போலப் போயின. மூன்றாம் நாள் ரீச்சர் ஒரு பட்ட மரத்தில் மீன் தின்னும் கழுகைப் பிடித்து வைத்தார். வரிசையில் எனக்கு முன்னால் எப்போதும் நிற்பவர் ஓய்வுபெற்ற பேக்கரிக்காரர். பெரிய குரல், பெரிய சிரிப்பு. "யா, அருமை, என்ன கண்!" என்று அவர் கழுகைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்தார். நான் குனிந்தேன். பால் தேத்தண்ணி. "யா, என்ன கண்!" என்றேன். மனைவி பின்னால் ஒரு கல்லில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தொலைநோக்கியே தேவைப்படவில்லை.

நாலாம் நாள் காலை, தீவின் வடக்கிலுள்ள சதுப்பு நிலத்துக்குப் போனோம். ஆளுயர நாணல், நடுவில் பலகைப் பாதை. ஒரு வேலிக்கட்டை என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. அதன் மேல் ஒன்று வந்து இருந்தது. மைனா அளவு, மைனா நடை. நிறம் சாம்பல். எந்தப் பக்கம் தலையைச் சரித்துப் பார்த்தாலும் சாம்பல்.

இரண்டு வருடத்தில் முதல் முறையாக நான்தான் கையை நீட்டினேன். "சாம்பல் ஸ்டேர்!" என்று கத்தினேன். ஏழு பைனாக்குலர்களும் திரும்பின.

"அது சாதாரண ஸ்டேர்," என்றார் ரீச்சர். "கறுப்பு."

நான் விடவில்லை. "சாம்பல் ஸ்டேர்தான். கண் டாக்டரே சொன்னார், இரண்டு தீவுகளிலும் இருக்கிறதாம்."

ஏழு பேரும் பைனாக்குலரை இறக்கி, பறவையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். பின்னால் தோடம்பழத் தோல் விழுந்த சத்தம் கேட்டது.

"ஐயோ, இஞ்சேருங்கோ!" என்று மனைவி ஓடி வந்தாள். "அது குருவியில்லையப்பா, கண்புரை! கற்றராக்! இருவது வரியமா அந்தக் கிழடுகளுக்கு நான் கண்ணுக்குச் சொட்டு விடுறன், எனக்குத் தெரியாதே? ஒண்டுமில்லையாம் எண்டு சொன்னியளே!"

டெனிஷ்காரர் கண்புரைக்கு வைத்திருக்கும் பெயர் சாம்பல் ஸ்டேர். ஏன் அப்படி வைத்தார்கள் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. தீவு என்ற சொல்லும் கண் என்ற சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்கும். விசிலடிக்க வாயைக் குவித்துக்கொண்டு "ஏ" சொல்லிப் பாருங்கள், அந்த எழுத்து. அதற்குப் பிறகு வருவது என் காதில் பிரிந்து விழாது. டாக்டர் சொன்னது இரண்டு கண்களிலும் என்று. நான் கேட்டது இரண்டு தீவுகளிலும் என்று.

பேக்கரிக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு ஒதுங்கப் பார்த்தேன். ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கணக்குப் படிப்பித்தவர் அல்லவா, அவர் அடுத்த படிக்குப் போய்விட்டார்.

"அப்படியென்றால் நேற்றுக் கழுகை எப்படிப் பார்த்தாய்?"

சிரிப்பு நின்றது. அந்தப் பலகைக்கு அடியில் இறங்கி நாணலோடு நாணலாக நின்றுவிடலாம் போல இருந்தது. இன்னொரு யாவுக்கு வாய் தயாராகத்தான் இருந்தது. கிட்டே இருந்து பார்த்தேன், ஓரளவு தெரிந்தது, என்று எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டையில் இருந்த அந்தச் சாம்பல் சனியனை நான் உண்மையாகக் கண்டிருந்தேன். அதற்குப் பிறகு பொய் சொல்ல மனம் வரவில்லை.

"பார்க்கவில்லை," என்றேன்.

"அதற்கு முதல் நாள் கண்ட நாரை?"

"இல்லை."

"கொப்பியில் இருக்கும் நூற்று நாற்பதும்?"

"அன்னம், காகம், தாரா," என்றேன். "தாரா பாணுக்கு வந்தது."

ரீச்சருக்குக் கோபம் வந்தது. வெள்ளைக் கன்னம் சிவந்தது. "பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் யா சொன்னாய்?"

உண்மையைச் சொன்னேன். "எனக்குப் பின்னால் நீங்கள் எல்லாரும் குளிரில் நின்றீர்கள்," என்றேன். "நான் உங்களை மினைக்கெடுத்தக் கூடாது என்று நினைத்தேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் நினைத்திருக்கிறேன்."

ரீச்சர் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரமாக இருபது அடி நடந்தார். முக்காலியை என் உயரத்துக்கு இறக்கினார். நாணல் ஓரத்தில் எதையோ பிடித்து வைத்து, "வா," என்றார். "சுல்தான் கோழி. பெரியது, கிட்டத்தான் நிற்கிறது. தெரிகிறதா?"

குனிந்தேன். பால்.

"நாய்," என்றேன்.

அந்தச் சொல்லை நான் ஒரு மனுசியின் முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தரம். மனைவி வாயைப் பொத்தினாள். ரீச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு திருகைத் திருகினார். "இப்போது?"

"நாய்."

இடது கண்ணை மூடச் சொன்னார். நாய். வலது கண்ணை மூடச் சொன்னார். நாய். தன் தொப்பியைக் கழற்றி என் நெற்றிக்கு மேல் வெயிலை மறைத்துப் பிடித்தார். நாய். பின்னால் வரிசையில் ஆறு பேர். கடற்காற்று நன்றாகவே அடித்தது. ஒருவர் காலை மாற்றி மாற்றி ஊன்றுவது பலகையில் கேட்டது.

மனைவி காதோரம் குனிந்து, "ஓம் எண்டு சொல்லித் துலையுங்கோவன். அந்தாள் விறைச்சுப்போய் நிக்குது" என்றாள்.

"நீர் பேசாமல் இரும்," என்றேன்.

"அவர்கள் நிற்கட்டும்," என்றார் ரீச்சர். அவருக்குத் தமிழ் தெரியாது. முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும். "நிற்கத்தானே வந்திருக்கிறார்கள்." தொலைநோக்கியை ஒரு விரலால் மெல்லத் தட்டினார்.

பாலுக்குள் ஒரு சிவப்பு வந்தது. முதலில் ஒரு பொட்டு. பிறகு அது சொண்டானது. சொண்டுக்குப் பின்னால் இருட்டாக ஒரு உடம்பு, அதற்குக் கீழே நீளச் சிவப்புக் கால். அது குனிந்து ஒரு நாணல் தண்டை இழுத்துப் பிடுங்கியது. பிறகு ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, தண்டை மற்றக் காலால் பொத்திப் பிடித்து, வாய்க்குக் கொண்டுபோய்க் கடித்தது.

"கையால் சாப்பிடுகிறது," என்றேன்.

ரீச்சர் என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தார். "சரி," என்றார், பரீட்சைத் தாளில் சரி போடுகிற குரலில்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் அந்தச் சுல்தான் கோழியும் மறைந்து போனது. எழுத ஒன்று கிடைத்துவிட்டது, பரவாயில்லை என்று நினைத்தேன்.

அடுத்தது பேக்கரிக்காரரின் முறை. குனிந்தார். வழக்கமாக அரைச் செக்கனில் "யா, அருமை" வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. ஒரு கண்ணை மூடினார், மற்றதை மூடினார், கண்ணாடியைக் கழற்றி முழுக்கைச் சட்டையில் துடைத்துப் போட்டார். நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம். கடைசியில் நிமிர்ந்தார். அந்தப் பெரிய குரலைக் காணவில்லை.

"எனக்கும் ஒன்றும் தெரியவில்லை," என்றார். "நாலு வருடமாகத் தெரியவில்லை."

ரீச்சர் முக்காலியை அவருடைய உயரத்துக்கு ஏற்றத் தொடங்கினார்.