மூன்றாவது வளையல்

மாத்தளையில் நண்பர் ஒருவரின் மிளகாய் மில்லுக்கு நானே ஒரு கட்டுப்பாட்டுப் பலகை செய்து கொடுத்தேன். மைக்ரோகொன்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுச் சிப்பை ஆறு மாதம் படித்த திமிர் எனக்கு. பட்டனை அழுத்தாமல் மோட்டார் ஓடவே ஓடாது என்று எல்லோரிடமும் பெருமையடித்திருந்தேன்.

முதல் நாளே அரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. இயந்திரத்தின் வாயில் மிளகாய் அடைத்துக்கொண்டது. இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் ஜெயா, மெயின் சுவிட்சை அணைக்கப் போனாள்.

"அதெல்லாம் வேணாம். உள்ளே கையை விட்டு எடும்மா, ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்று எரிந்து விழுந்தேன்.

"பொறுங்க சேர், வளையலக் கழட்டிக்கிறேன்."

கண்ணாடி வளையல்கள். இரண்டு கழன்றன. மூன்றாவது இறுகிக்கொண்டு வர மறுத்தது. அப்போது கரண்ட் வந்தது. யாரும் பட்டனைத் தொடவில்லை. இயந்திரம் உறுமிச் சுழன்று, இரண்டு விநாடி ஓடி, தானாக நின்றது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சிப் விழித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை மோட்டாரை நிறுத்திவைப்பது. நானோ, பலகையின் திரை தயாராக இரண்டு விநாடி காத்திரு என்று நிரலில் முதலில் எழுதி, நிறுத்தும் வரியை அதற்குக் கீழே போட்டிருந்தேன். அந்த இரண்டு விநாடியும் மோட்டார் என் பிடியில் இல்லை.

ஜெயா கையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சொரி சேர், நான்தான் லேட் பண்ணிட்டேன்."

அந்த வரியை அன்றே மேலே ஏற்றிவிட்டேன். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இன்னும் மாற்ற முடியவில்லை.

"பரவாயில்ல" என்றேன்.