தட்டு மாறிய பீன்ஸ்

பேக்கரியில் அவனைக் குண்டு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேக்கைச் சதுரமாக நறுக்கும்போது விழும் ஓரங்கள் குப்பைக்குப் போனதே இல்லை. எல்லாம் அவன் வாய்க்குத்தான். காய் மட்டும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அம்மா பரிமாறிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அவன் தட்டிலிருந்த பீன்ஸும் கோஸும் அக்கா தட்டுக்குக் குடிபோய்விடும். அவள் மூச்சுவிட மாட்டாள். மென்று விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல் உட்கார்ந்திருப்பாள்.

அந்த அக்காவுக்குத்தான் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். ரத்தம் பொருந்தியது. டாக்டர் அவனை எடைபார்க்கும் மெஷினில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த உடம்போட அறுத்தா உங்களுக்கே ஆபத்து. சர்க்கரையும் எட்டிப் பாக்குது. முதல்ல எடை குறையட்டும். தட்டுல பாதி காயா இருக்கணும்."

அக்காவுக்கோ நேர்மாறான உத்தரவு. காயில் உள்ள பொட்டாசியம் அவளுக்கு ஆகாது. வேகவைத்துத் தண்ணீரை வடித்து, கொஞ்சமே கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம். ஆசையாகச் சாப்பிட்டவளுக்குத் தடை, முகம் சுளித்தவனுக்குக் கட்டளை. என்ன நியாயமோ இது.

தினமும் வேலை முடிந்து அவள் வீட்டுக்கே சாப்பிட வந்தான். தான் தின்ன முடியாததை அவள் அவனுக்காகப் பூண்டும் மிளகும் போட்டு வதக்கி வைத்தாள். அவன் கஷாயம் குடிப்பதுபோல் விழுங்கினான். எடை அசைந்து கொடுக்கவில்லை.

ஒருநாள் சோறு போட வந்தவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"மீசையில க்ரீம் ஒட்டியிருக்கு."

அவன் அவசரமாகத் துடைத்தான்.

"முடியலன்னா விட்டுடுடா," என்றாள். "நான் டயாலிசிஸ்லயே ஓட்டிக்கிறேன். உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இந்தச் சொல்லை அவனால் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்தபடி தட்டிலிருந்த கோஸ் முழுவதையும் தின்றான். மறுநாள் கேக் ஓரங்கள் முதல்முறையாகக் குப்பைக்கூடையைக் கண்டன.

அதன்பிறகு எடை மெல்ல இறங்கியது. பெல்ட்டில் புது ஓட்டை போடவேண்டி வந்தது. அரைவேக்காட்டுப் பீன்ஸ் பல்லில் நறுக்கென்று உடைவது அவனுக்கே பிடித்துப்போனது. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவழியாக டாக்டர் சரி என்றார். அறுவைச் சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது.

அக்காவுக்கு உடம்பு தேறி, இனி அவள் காய் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்று இருவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அக்கா ஆசையாக அவன் தட்டிலிருந்த பீன்ஸுக்குக் கை நீட்டினாள். அவன் சட்டென்று தட்டைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"அது என்னுது."

"அடப்பாவி. கிட்னியவே குடுத்தவன், நாலு பீன்ஸ் தரமாட்டியா?"

"கிட்னி எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு. பீன்ஸ் இவ்ளோதான் இருக்கு."

அக்கா சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. அவன் தன் தட்டிலிருந்தே நீளமான பீன்ஸாகப் பார்த்து ஒன்றை எடுத்து, பழைய பழக்கப்படி, ஓசைப்படாமல் அவள் தட்டில் வைத்தான்.