துவக்குக் குழலில் நாலு அங்குலம்

பற்றிக் என்கிறவனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன். இங்கே ஓக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கிலில் அவன் கொண்டுவந்த இறைச்சியை மூன்று வருடம் ருசி பார்த்துச் சாப்பிட்டவர்களில் முதல் ஆள் நான். அவன் பெயரை நாறடித்தவர்களிலும் நான்தான் முதல் ஆள்.

மன்னார்க்காரன். தொண்ணூற்று இரண்டில் ஓக்லாந்துக்கு வந்து பஸ் ஓட்டினான். கலியாணம் கட்டவில்லை. த்ரீ கிங்ஸில் ஒரு வீட்டின் பின்பகுதியில் தனியாக இருந்தான். கேட்டதற்குப் பதில் சொல்வான், அதற்கு மேல் வாய் திறக்க மாட்டான். டிப்போவில் கொலின் என்றொரு வெள்ளைக்காரக் கிழவர் அவனை வேட்டைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார். இனித் தன் முழங்கால் மலை ஏறாது என்று தெரிந்தபோது, தன்னுடைய துவக்கையே அவனுக்குக் கொடுத்துவிட்டார். பற்றிக் பரீட்சை எழுதி முறைப்படி லைசென்ஸ் எடுத்தான். ஆள் நம்பகமானவர் என்று போலீசுக்குச் சாட்சி சொன்னவன் நான். அதை மறக்க வேண்டாம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. அதற்கு முதல்நாள் அவன் காட்டாடோ மானோ சுட்டுவருவான். ஊரில் பங்கு இறைச்சி போடுகிற மாதிரியே போடுவான். எல்லாப் பைக்கும் எலும்பு, எல்லாப் பைக்கும் ஒரு துண்டு ஈரல். ஒருவனுக்குக் கூட, ஒருவனுக்குக் குறைய என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு பையிலும் குடும்பத்தின் பெயரை எழுதி, பூசை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் சில்லி பின் என்கிற ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பான். பெயரைப் பார்த்து எடுத்து நீட்டுவான், நாங்கள் வாங்கிக்கொள்வோம். அவன் முகத்தில் சிரிப்பைக் கண்டது அந்த ஒரு இடத்தில்தான்.

தொண்ணூற்றாறு, ஜூலை கடைசியில் ஒரு சனிக்கிழமை லின்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் லேத் வேலைக்காரன், முப்பது வருடமாக இரும்பு கடைகிறவன். அதனால் என்னிடம் யோசனை கேட்க வந்திருக்கிறான்.

"துவக்குக் குழலில நாலு அங்குலம் குறைப்பமோ எண்டு யோசிக்கிறன். உமக்கு இரும்பு தெரியும். என்ன சொல்லுறீர்?"

காட்டுக்குள் கிட்ட நின்று சுடுகிறவர்களுக்கு அது சாதாரண வேலைதான் என்று துவக்குத் திருத்துகிறவர் சொன்னாராம். கொஞ்சம் சத்தம் கூடும், குண்டின் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானாம். ஆனாலும் இவனுக்கு மனம் வரவில்லை. கொலின் இருபது வருடம் பிள்ளை மாதிரி வைத்திருந்த சாமான், வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது என்றான். பிறகு ஏன் குறைக்கப் போகிறீர் என்று கேட்டேன். நீளம் கரைச்சலாக இருக்கிறது என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

அந்த இடத்தில்தான் என் புத்தி புல் மேயப் போனது. குழல் வெட்டின துவக்கை நாங்கள் ஊரில் யாரிடம் கண்டோம்? சாரத்துக்குள் ஒளித்துக்கொண்டு வந்து வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவனிடம் கண்டோம். வேட்டைக்காரனிடம் கண்டதில்லை. என்ன கரைச்சல் என்று இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கேட்கவில்லை. யோசித்துச் செய்யும் என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, குசினிக்குள் போய் மனைவி றோஸ்மேரியிடம் சொன்னேன்.

"பற்றிக் துவக்கைக் கட்டையாக்கப் போறானாம். இது மானுக்கில்லை."

ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று சொல்லித்தான் றோஸ்மேரி அதைத் தன் சிநேகிதி அன்னத்துக்கு டெலிபோனில் சொன்னாள். செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் அவன் ஊரில் எந்த இயக்கத்தில் இருந்தான், எத்தனை பேரை முடித்தான் என்ற விபரமும் வந்துவிட்டது. ஒன்றையும் நான் மறுக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், முதலில் கண்டுபிடித்தவன் நான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. த்தூ, நானும் ஒரு மனிதன்.

ஓகஸ்ட் பூசைக்கு அவன் பதினாலு பை கொண்டுவந்தான். ஒருவரும் கிட்டப் போகவில்லை. ஒருவர் பிரிஸரில் இடமில்லை என்றார். ஒருவர் தவக்காலம் என்றார், ஓகஸ்ட் மாதத்தில். நான் கொலஸ்ட்ரோல் என்றேன். முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். கார்கள் ஒவ்வொன்றாக வெளிக்கிட, சில்லி பின்னின் மூடியை மூடி அதற்கு மேல் உட்கார்ந்துகொண்டான். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே காரைப் பின்னுக்கு எடுத்தேன்.

அடுத்த வாரம் பற்றிக் டெலிபோன் எடுத்தான். யாரோ போலீசுக்கு அறிவித்திருக்கிறார்களாம், பின்னேரம் துவக்கைப் பார்க்க வருகிறார்களாம். முந்தியும் நீர்தானே சாட்சி சொன்னது, ஒருக்கால் வாரும் என்றான். மாட்டேன் என்று சொல்ல எந்த முகம் எனக்கு இருந்தது? போனேன்.

வந்த போலீஸ்காரர் மரியாதையான மனிதர். பூட்டிய அலமாரியைத் திறக்கச் சொல்லித் துவக்கை எடுத்து அளந்தார். வெட்டுப்படவில்லை. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாதவரை குழலைக் குறைப்பது குற்றமே இல்லை, வேட்டைக்காரர்களில் எத்தனையோ பேர் செய்கிறார்கள் என்றார். எதற்காகக் குறைக்க நினைத்தீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

பற்றிக் என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு கம்பளிச் சட்டையைக் கழற்றி இடது கையை நீட்டிக் காட்டினான். கை நீளவில்லை. முழங்கை பாதி மடங்கினபடியே நின்றுவிட்டது. தொண்ணூறில் இராணுவ முகாமில் முறித்தது, கோணலாகப் பொருந்திவிட்டது என்று இங்கிலீஷில் ஒரே வசனத்தில் சொன்னான். குழலின் பாரத்தை அந்தக் கையால் தாங்க முடியாமல், போன மாதம் துவக்கு கீழே சரிந்து, ஒரு மானுக்குக் காலில் பட்டுவிட்டதாம். அது நொண்டிக்கொண்டு ஓட, இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் உடைந்தது.

அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பிடித்துவிடுகிற கண் என்று பட்டறையில் எனக்குப் பெயர். மூன்று வருடமாக அவன் எல்லாவற்றையும் வலது கையாலேயே எடுத்து நீட்டியதை அந்தக் கண் காணவில்லை. எனக்கு நிலத்துக்குள் புதைந்துபோகலாம் போல இருந்தது.

போலீஸ்காரர் போனபிறகு, போலீசுக்குச் சொன்னது நானில்லை, ஆனால் கதையைத் தொடக்கியது நான்தான் என்றேன்.

"தெரியும். உமக்கு மட்டுந்தானே சொன்னனான்," என்றான்.

அவன் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நானே பட்டறையில் வெட்டித் தருகிறேன் என்று உளறினேன். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். வெட்டுவதா விடுவதா என்று இனி யோசிக்கத் தேவையில்லையாம். அந்தப் பூசை ஞாயிறு பின்னேரமே கொலினுக்கு டெலிபோன் எடுத்து, துவக்கைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டானாம். நாளைக்கு வந்து எடுத்துப்போவார்.

"வேட்டையை விடப்போறீரோ?"

"எனக்கு மான் இறைச்சி பிடிக்காது. நான் தின்னுறேல்லை," என்றான்.

வெளிக்கிட எழும்பினேன். பொறும் என்று சொல்லி பிரிஸரைத் திறந்தான். பதினாலு பையும் அப்படியே அடுக்கியிருந்தன. என் பெயர் எழுதின பையைத் தேடியெடுத்து, இந்த முறை இடது கையால் நீட்டினான். எட்டவில்லை. நான்தான் கிட்டப் போய் வாங்கினேன்.

வீட்டில் றோஸ்மேரி பையை வெட்டித் திறந்தாள். ஈரலும் இருந்தது.