மீசை தப்புமா?

மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள டெய்ரியில் பால் வாங்க நுழைகிறேன். டெய்ரி என்றால் இங்கே நம்மூர் பெட்டிக்கடைக்கு அண்ணன். கல்லாவில் யாழ்ப்பாணத்துக்காரர் நேசன், பக்கத்தில் மனைவி சுகந்தி. நடுவில் ஒரு டேப்லெட்.

"தமிழோ? நல்லதாப் போச்சு. நீங்கள் வெளியாள், கடைசி ஊரின்ர வோட்டை நீங்களே வாசியுங்கோ," என்கிறார் நேசன்.

திரையில், இருநூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க காங்கிரஸ் தொகுதி ஒன்றின் தேர்தல் முடிவு. மகள் படிப்புக்காகத் திறந்த பக்கமாம். பெற்றோர் ஆளுக்கொரு வேட்பாளரைப் பிடித்துக்கொண்டு, தினம் ஓர் ஊராக எண்ணி வருகிறார்கள். நேசனின் ஆள் தோற்றால் அவர் மீசையை எடுக்க வேண்டும். சுகந்தியின் ஆள் தோற்றால் அவர் மழையிலும் கணவரோடு மீன் பிடிக்கப் போக வேண்டும்.

வாசிக்கிறேன். நேசனின் ஆள் முந்துகிறார். நேசன் மீசையை முறுக்குகிறார். அடியில் இன்னொரு வரி இருக்கிறது: மூன்றாவது வேட்பாளர் வோட்டைப் பிரித்ததால் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை, அதனால் மறுதேர்தல்.

"அப்ப நாளைக்குத் திரும்ப முதல் ஊரிலயிருந்து!" என்று சுகந்தி துள்ளுகிறார்.

"கடைசில யார் ஜெயிச்சாங்கன்னு கீழ தள்ளிப் பாத்துடலாமே?" என்கிறேன்.

கள்ள வோட்டுப் போட வந்தவனைப் பார்ப்பதுபோல் இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். சுகந்தி டேப்லெட்டைக் கவிழ்க்கிறார், நேசன் அதன்மேல் கையை வைக்கிறார். முதல்முறையாக இருவரும் ஒரே கட்சி.